நாகையா வாத்தியாரின் உக்கிரப் பயிற்சி

1934-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இருதயம் உண்டு என்பதைக் கோலாலம்பூரில் ஒரு காரியாலயம் கண்டுபிடித்தது. தேகாப்பியாச அளவைப் பகுதி என்பது அந்தக் காரியாலயத்தின் பெயர். கண்டுபிடித்ததை அது தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பதினேழு பக்கத்தில் சுற்றறிக்கை அச்சடித்து எல்லாத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பிவைத்தது.

டெங்கிலுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த நாகையாவின் கைக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அதற்கு முன் எட்டு மாதமாக அவருக்குத் தபால் என்று ஒன்று வந்ததில்லை. ஆகவே உறையைக் கிழிக்காமல், பிளேடால் ஓரத்தை நறுக்கித் திறந்தார்.

நாகையாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கப்பலேறி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்த மூன்றாம் வருஷமே மனைவி இராஜம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் ஒரே அறை. அதன் பின்புறம் தட்டி வைத்து மறைத்த இடம் அவருடைய வீடு. தலைமையாசிரியர், உதவியாசிரியர், மணியடிப்பவர் மூவரும் அவரே. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து ஜனங்கள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். அவர் கடந்து போன பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார் சாயங்காலத்தில் சீட்டாடுவார்கள். கூலிக்காரப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பவரை அந்த மேஜையில் உட்காரவைப்பது அவர்களுக்கு வழக்கமில்லை. இப்படி மேலேயும் சேராமல் கீழேயும் சேராமல், பள்ளி விட்ட பிறகு நாகையா வாயைத் திறப்பது சோறு தின்பதற்கு மட்டும்தான் என்று ஆகியிருந்தது.

சுற்றறிக்கை சொன்ன விஷயம் சுருக்கமானது. பிள்ளைகளின் தேகப்பயிற்சி இனிமேல் மூன்று தரமாகப் பிரிக்கப்படும்: மெல்லியது, நடுத்தரம், உக்கிரம். பிள்ளை பள்ளிக்கு வந்ததும் ஒரு தரம், பயிற்சியின் நடுவில் ஒரு தரம், முடிவில் ஒரு தரம் நாடி பார்த்து எண்ணி, கட்டம் போட்டு அச்சடித்த பாரத்தில் எழுத வேண்டும். நிமிஷத்துக்கு எண்பது துடிப்பு என்றால் ஓய்வு, நூறு என்றால் மெல்லியது, நூற்றிருபது நடுத்தரம், நூற்றைம்பதைத் தொட்டால் உக்கிரம். பாரத்தில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. எட்டுக் கட்டங்கள் எண்களுக்கு. ஒன்பதாம் கட்டத்தின் தலைப்பில், ‘ஆசிரியர் தாம் கண்டதை இங்கே விரிவாக எழுதுக’ என்றிருந்தது.

அந்த வரியை நாகையா மூன்று தரம் படித்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் எதைக் கண்டார் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது சர்க்காரே கேட்கிறது. அதுவும் விரிவாக.

அடுத்த சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு. தோட்டத்து லோரியில் காஜாங் வரை போய், அங்கிருந்து ரயில் பிடித்துப் போனார் நாகையா. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம். நாற்பது ஆசிரியர்கள் பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அளவைப் பகுதியின் உதவி மேற்பார்வையாளர் சிவசம்பு மாடி ஏறி வந்தார். கனத்த சரீரம், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கி, பேச ஆரம்பிக்க அவருக்கு ஏழு நிமிஷம் பிடித்தது. சுற்றறிக்கையில் படித்ததை நினைத்து நாகையா அதை மனத்துக்குள் உக்கிரம் என்று குறித்துக்கொண்டார்.

“இருதயம் எண்டது ஒரு எஞ்சின். விளங்குதோ?” என்றார் சிவசம்பு. யாழ்ப்பாணத்துத் தமிழ் கூடத்தில் மணிமணியாக விழுந்தது. “பயிற்சி செய்யேக்குள்ளை பிள்ளை பாட்டுப் பாட ஏலுமெண்டால் அது மெல்லியது. கதைக்க ஏலும், பாட ஏலாது எண்டால் நடுத்தரம். கதைக்கவும் ஏலாமல் வாயைப் பிளந்துகொண்டு நிண்டால் உக்கிரம். இந்த மூண்டையும் கண்டுபிடிக்க எங்கட பகுதிக்கு நாலு வருஷம் எடுத்தது.”

பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். “ஐயா, உக்கிரப் பயிற்சிய ஒரு தரம் செஞ்சு காட்டுனீங்கன்னா நல்லா இருக்கும்.”

“செய்யிறது உங்கட வேலை. அளக்கிறது எங்கட வேலை. ரெண்டையும் ஒரே ஆள் செய்தால் நிர்வாகம் குழம்பிப்போகும்.”

எழுந்தவர் உட்கார்ந்தார். அவர் பெயர் பழனியப்பன். கிள்ளான் பட்டணத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியர். மத்தியானம் காப்பிக்கடையில் அவர்தான் நாகையாவின் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

“நீங்க எப்ப எழுதப் போறீங்க அண்ணே?”

“மாசக் கடைசில அளந்துட்டு...”

“அளந்துட்டா?” பழனியப்பன் காப்பியைச் சாசரில் ஊற்றினார். “நான் டிசம்பர் வரைக்கும் காலையிலயே எழுதி முடிச்சிட்டேன். எல்லாத்துக்கும் எம்பது, நூத்திருவது, நூத்தம்பது. ஒம்பதாம் கட்டத்துல ‘விசேஷமில்லை’. அங்க யாருண்ணே படிக்கிறான்?”

நாகையா சிரித்துவைத்தார். ஆனால் ரயிலில் திரும்பும்போது, ஒன்பதாம் கட்டத்தில் என்னென்ன எழுதுவது என்றே யோசித்துக்கொண்டு வந்தார். பகுதி கொடுத்த வினாடி முள் கடிகாரம் சட்டைப்பையில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பேச்சுத் துணைபோல இருந்தது அது.

*

பள்ளி பகல் ஒரு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு விடும். முதல் ஒரு மணி நேரம் தேகப்பயிற்சிக்கு. பிள்ளைகள் இருபத்து மூன்று பேர். விடியுமுன் தாய் தகப்பனோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, மரத்தடி மரத்தடியாகக் கிண்ணம் துடைத்து, ரப்பர்ப் பால் சேர்த்து, வாளி தூக்கி ஸ்டோரில் ஊற்றிவிட்டு, மணிச்சத்தம் கேட்டதும் ஓடி வருவார்கள். பத்து வயது அஞ்சலை இடுப்பில் இன்னும் பாவாடையைத் தூக்கிச் செருகியபடியே வந்து நின்றாள். நாகையா அவள் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நூற்று நாற்பத்தெட்டு. அடுத்தவனுக்கு நூற்று ஐம்பத்திரண்டு. பாரத்தின் முதல் கட்டத்துக்கு மேலே, ‘பிள்ளை வீட்டிலிருந்து இளைப்பாறிய நிலையில் வரும்போது’ என்று அச்சடித்திருந்தது.

என்ன செய்வதென்று யோசித்தார். சுற்றறிக்கையின் பதினோராம் பக்கத்தில், ஓய்வு நாடி கிடைக்காவிட்டால் பிள்ளையை ஐந்து நிமிஷம் தரையில் படுக்கவைக்கவும் என்று ஒரு வரி இருந்தது. படுக்கவைத்தார். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் இருபத்து மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். வாய் திறந்திருந்தது, கால் விரல்களில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் ஒவ்வொருவராகக் குனிந்து நாடி பார்த்தார். எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தாறு. எழுப்புவதா என்று நினைத்தார். எழுப்பவில்லை. இரண்டு மணி அடித்த பிறகுதான் எழுப்பினார்.

மறுநாளும் அப்படித்தான். மாதம் முழுவதும் அப்படித்தான்.

மாதக் கடைசியில் நாகையா உள்ளதை உள்ளபடி எழுதினார். வரும்போது நூற்றைம்பது, நடுவில் எண்பது, முடிவில் எழுபத்தெட்டு. ஒன்பதாம் கட்டம் போதாமல் இரண்டு தாள் ஒட்டி, பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எத்தனை மரம், வாளி என்ன கனம் எல்லாம் எழுதினார். அப்படியே கை ஓடியதில், மழை நாளில் கூரையில் விழும் சத்தத்தில் பாடம் கேட்பதில்லை என்றும், சாயங்காலத்தில் இங்கே பேச ஆளில்லை என்றும் இரண்டு வரி சேர்ந்துவிட்டது.

பதில் வந்தது. ‘தங்கள் பாரத்தில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் இடம் மாறியுள்ளன. திருத்தி அனுப்பவும். ஒன்பதாம் கட்டத்தின் அளவு மூன்று அங்குலம். மழை எந்தத் தரத்தில் சேரும் என்று தெரிவிக்கவும்.’

கடிதத்தைப் படித்த நாகையாவின் முகம் மலர்ந்துவிட்டது. யாரோ ஒருவர் கடைசி வரை படித்திருக்கிறார்! மழை வரைக்கும் படித்திருக்கிறார். உடனே உட்கார்ந்து எழுத்தைப் பொடியாக்கி மூன்று அங்குலத்துக்குள் நாற்பது வரி எழுதினார். எண்கள் இடம் மாறவில்லை என்றும், பிள்ளைகள்தான் இடம் மாறி வருகிறார்கள் என்றும், மழை எந்தத் தரத்திலும் சேராதென்றும் பணிவாகத் தெரிவித்தார்.

ஜூன் மாதம் சிவசம்புவே கையெழுத்திட்ட கடிதம் வந்தது. ‘தங்கள் குறிப்பு எமது கவனத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.’ அதை நாகையா பெட்டியில், இராஜம்மாவின் புடவைக்கு மேலே வைத்தார். ஜூலையில் ஐந்து கடிதம் எழுதினார். பாரத்தின் ஒன்பதாம் கட்டத்தில் தன் காய்ச்சலைப் பற்றி எழுதினார். தனக்குப் பிடித்த குழம்பைப் பற்றிக்கூட எழுதியிருப்பார். மூன்று அங்குலம் முடிந்துவிட்டது.

ஆகஸ்டில் சிவசம்பு நேரிலேயே வந்தார்.

*

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் மோட்டார் காரில் வந்து இறங்கினார் அவர். வெள்ளைக்காரத் துரை பக்கத்தில் நின்றார். பகல் பன்னிரண்டு மணி. பிள்ளைகள் வாளியோடு ஸ்டோருக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சிவசம்பு அஞ்சலையை நிறுத்தி, வாளியை இறக்கச் சொல்லாமலே அவள் கையைப் பிடித்து எண்ணினார்.

“நூற்று ஐம்பத்தாறு!” அவர் கண்ணில் நீர் தளும்பியது. “பிள்ளை, ஒரு பாட்டுப் பாடு பாப்பம்.”

அஞ்சலை வாயைத் திறந்தாள். மூச்சுத்தான் வந்தது.

“ஒரு வார்த்தை கதை.”

அதுவும் வரவில்லை.

“உக்கிரம்!” என்றார் சிவசம்பு துரையைப் பார்த்து. “அசல் உக்கிரம்! பட்டணத்துப் பள்ளிக்கூடங்களிலை விசிலடிச்சு, கொடி பிடிச்சு, பாண்டு வாசிச்சும் நூற்றிருபதைத் தாண்டக் காணேல்லை. இஞ்சை ஒரு வாளியே போதும். நாகையா மாஸ்டர், இதை நீர் ஏன் முதலே எழுதேல்லை?”

“எழுதுனேங்க ஐயா. பிள்ளைங்க களைச்சுப் போய் வர்றாங்கன்னு ஒவ்வொரு மாசமும்...”

“களைப்புக்குக் கட்டம் இல்லைக் காணும். நாடிக்குத்தான் கட்டம்.”

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே வரும். “ரொம்ப நல்ல விசயம், வாத்தியார்,” என்றார். “என் தோட்டம் பூரா தேகப்பயிற்சி. நான் தெரியாமலே செஞ்சிட்டேன்.”

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. ‘டெங்கில் முறை’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பள்ளிக்குள் நடந்த ஒரு மணி நேரப் பயிற்சி பலனற்றது, அது நாடியைக் குறைக்கிறது என்று நாகையாவின் எண்களைக் கொண்டே நிரூபித்திருந்தார்கள். ஆகவே அந்த ஒரு மணி நேரமும் இனி வெளியில், வாளியோடு, கூலிகளை வேலை வாங்கும் மண்டோரின் மேற்பார்வையில் நடக்கும். மண்டோர் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தேகாப்பியாச போதகர் ஆகிறார். ஆசிரியர் கடிகாரத்தோடு பின்னால் சென்று நாடி எண்ண வேண்டியது.

சென்றார். ரப்பர் மரங்களுக்கு நடுவே பிள்ளைகள் வாளியோடு போக, நாற்பத்திரண்டு வயது நாகையா ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் பாரமுமாக அவர்கள் பின்னால் ஓடினார். “பயிற்சி, பயிற்சி! ரெண்டாவது தரம் பால் எடுங்கடா!” என்று புதிய போதகர் கம்பை ஆட்டினார். பிள்ளைகள் இரண்டு மணிக்குப் பள்ளிக்கு வந்தார்கள். வந்து பாடத்தில் தூங்கினார்கள்.

மூன்றாம் வாரம் அஞ்சலையின் தாய் தங்கமணி பள்ளி வாசலில் வந்து நின்றாள். கையில் பால்வெட்டுக் கத்தி இருந்தது. வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.

“வாத்தியாரே, ஒங்கள ஒண்ணு கேக்கணும். எம்புள்ள நேத்து சோத்துத் தட்டு மேலயே தலைய வச்சுத் தூங்கிருச்சு. ஒரு மணி நேரம் கூட வேலை. கேட்டா, ஒங்க வாத்தியாரு எழுதிப் போட்டுத்தான் வந்துச்சுங்கிறான் மண்டோரு. நெசமா?”

“நெசந்தாம்மா.”

“அப்படி என்னத்த எழுதுனீங்க?”

“பிள்ளைங்க ரொம்பக் களைச்சிருக்காங்கன்னு எழுதுனேன்.”

தங்கமணி கோபமாகத்தான் வந்தாள், இப்போது அவள் முகத்தில் வேறு என்னவோ இருந்தது.

“களைச்சிருக்குன்னு எங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா, நாங்க ஆமான்னு சொல்லியிருப்போம். அம்புட்டுத்தான ஒங்களுக்கு வேணும்? அதுக்கு எதுக்கு கோலாலம்பூருக்கு எழுதணும்?”

நாகையாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. லயத்துக்குள் வந்து ஒரு வாசலில் உட்கார்ந்து பேசுவது எப்படி என்று தனக்குத் தெரியாது என்பதுதான் பதில். அதை வாசலில் நிற்கிற ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அவள் கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முதல் லயத்தில் அவரைக் கண்டு யாரும் எழுந்து நிற்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்கள்.

*

அக்டோபரில் பகுதியின் வருஷாந்த மகாநாடு பிரிக்பீல்ட்ஸில் நடந்தது. டெங்கில் முறையைக் கண்டுபிடித்தவர் என்று நாகையாவுக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமும் மாலையும் காத்திருந்தன. இந்த மேடையில் எப்படியும் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடு போனார் அவர். சொல்ல வேண்டியதை ரயிலில் காஜாங்கிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எதிர் ஆசனத்துச் சீனக் கிழவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

சிவசம்பு முதலில் பேசினார். “எங்கட பகுதியை அஞ்சு வருஷத்துக்கு முன்னம் தொடங்கேக்குள்ளை ரெண்டு மேஜை. இண்டைக்குப் பதினாலு மேஜை. இதுதான் இந்தத் தேசத்துப் பிள்ளைகளின்ரை தேக வளர்ச்சி! சில பேர் கேக்கினம், பிள்ளைக்கு என்ன பலன் எண்டு. பிள்ளை வரும், வளரும், போகும். பாரம் நிலைச்சு நிக்கும். நாங்கள் பாரத்துக்குப் பொறுப்பு.” கைதட்டல் முடிய ஒரு நிமிஷம் ஆயிற்று. “இப்ப நாகையா மாஸ்டர் மூண்டு நிமிஷம் கதைப்பார். விஞ்ஞான ரீதியாக, கதைக்கேக்குள்ளை அவரின்ரை நாடியையும் நாங்கள் எண்ணுவம்.”

நாகையா மேடையில் நின்றார். சிவசம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சபையோர்களே,” என்றார் நாகையா. “இந்தப் பிள்ளைங்க இருட்டுல எழுந்திரிக்கிறாங்க...”

“தொண்ணூற்றாறு,” என்றார் சிவசம்பு. “மெல்லியது.”

“என்கிட்ட வர்றப்பவே அவங்க உடம்பு ஓஞ்சு போயிருக்கு. அவங்களுக்கு வேண்டியது பயிற்சி இல்லீங்க. ஒரு மணி நேரம் தூக்கம். அந்த ஒரு மணியத்தான் நான் குடுத்துக்கிட்டு இருந்தேன். அத நானே எழுதிப் போட்டுக் கெடுத்துட்டேன்...”

“நூற்றிருபத்தாறு! நடுத்தரம்!”

முன்வரிசை ஆவலோடு முன்னால் சாய்ந்தது.

“ஒரு பிள்ளை சோத்துத் தட்டு மேல தூங்குதுங்க! பத்து வயசுப் பிள்ளை! தயவு பண்ணி இந்த உத்தரவ...” நாகையாவுக்குக் குரல் அடைத்தது. வாயைத் திறந்தார், மேலே ஒன்றும் வரவில்லை.

“நூற்றைம்பத்து நாலு!” சிவசம்பு எழுந்தே விட்டார். “கதைக்க ஏலாமல் நிக்கிறார், பாருங்கோ! உக்கிரம்!”

கூடம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு தெளிவான செயல்முறை விளக்கத்தை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அவர் என்ன பேசினார் என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எண்களை எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

காப்பிக்கடையில் நாகையா மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பழனியப்பன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நான் அப்பவே சொன்னேன்ல அண்ணே? நெசத்த எழுதுனா படிப்பாங்க. படிச்சா உத்தரவு போடுவாங்க. பொய்ய எழுதுனா பைல்ல வச்சுக் கட்டிருவாங்க.”

“இப்ப என்ன செய்றது?”

“அவங்களுக்கு வேண்டியது ஏறுற எண்ணு. வாளிக்கு எறங்குற எண்ணக் குடுங்க. பள்ளிக்கூடத்துக்கு ஏறுற எண்ணக் குடுங்க. ஒம்பதாம் கட்டத்துல ஒரு வார்த்தை எழுதக் கூடாது. மறுபடி அத எழுதுனீங்கன்னா படிச்சிருவாங்க.”

நாகையா காப்பிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தார். அவர் வாழ்க்கையில் ஆயிரம் தரம் ஏமாந்திருக்கிறார். ஒரு பொய்க் கணக்குக்கூட எழுதியதில்லை. அதைவிட, ஒன்பதாம் கட்டத்தை வெறுமனே விடுவது என்பதுதான் உறைத்தது. அது போனால் அவரிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த மாதம் பாரத்தை மூன்று நாள் மேஜைமேல் வைத்திருந்தார். மூன்றாம் நாள் பேனாவை எடுத்து, வாளியோடு நடக்கும்போது நாடி எழுபத்திரண்டு, எழுபத்து நான்கு என்று இருபத்து மூன்று பேருக்கும் எழுதினார். பள்ளிக்குள், கதவு சாத்திய அறையில், பரீட்சார்த்தமாக நடத்திய பயிற்சியில் நூற்றைம்பது என்று எழுதினார். ஒன்பதாம் கட்டத்தின்மேல் கை சற்று நின்றது. நேற்று பெய்த மழையைப் பற்றி எழுதலாம் போலிருந்தது. ‘விசேஷமில்லை’ என்று எழுதி மூடினார்.

பகுதியில் பெரிய கலக்கம் உண்டாயிற்று என்று பிறகு கேள்வி. பதினாலு மேஜைகளும் ஆலோசித்தன. வாளி தூக்கித் தூக்கிப் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது, எனவே அது மெல்லியதற்கும் கீழே இறங்கிவிட்டது என்று தீர்மானித்தார்கள். உத்தரவு வந்தது: டெங்கில் முறை ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ கைவிடப்படுகிறது. பயிற்சி இனிப் பள்ளிக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு, ஆசிரியரால் உக்கிரமாக நடத்தப்பட வேண்டும். துரைக்கு முகம் கோணியது. ஆனால் சர்க்கார் முத்திரை. மண்டோர் மறுபடி மண்டோர் ஆனார்.

துரைதான் இரக்கப்பட்டு ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்று லயத்தில் பேச்சாயிற்று. தீபாவளியன்று பங்களாவுக்குப் போய் அவருக்கு ரோஜா மாலை போட்டார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்று நாகையாவும் கைதட்டினார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் துரையின் காதுக்குப் போகும், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போகும். சொல்லவில்லை.

பகுதியிலிருந்து இப்போது அவருக்குக் கடிதம் வருவதில்லை. மாதாமாதம் ஓர் அச்சடித்த சீட்டு வரும்: ‘பெற்றுக்கொண்டோம்.’ கையெழுத்துக்குப் பதில் ரப்பர் முத்திரை.

அடுத்த வருஷம் பிப்ரவரி மாதத்து ஒரு பகலில், ஒரு மணிக்குப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நாகையா கதவைச் சாத்திக் கொக்கி போட்டார். “படுங்க,” என்றார் மெதுவாக. இருபத்து மூன்று பேரும் படுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் அறையில் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது.

வெளியே மண்டோர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிள் சத்தம் பள்ளிக்கு நேரே வந்ததும் நின்றது. உள்ளே நடப்பதைக் கேட்க மண்டோர் காலை ஊன்றி நின்றிருக்க வேண்டும்.

நாகையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறையின் நடுவே போய், பிள்ளைகளின் கால்களுக்கு இடையே காலி இடம் பார்த்து நின்றார். “உக்கிரப் பயிற்சி ஆரம்பம்!” என்று கூரை அதிரக் கத்தினார். “ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு!” கத்திக்கொண்டே பலகைத் தரையில் தொம் தொம் என்று குதித்தார். கையை மேலே தூக்கினார், இறக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார். ஒரு பிள்ளையும் அசையவில்லை, அப்படித் தூங்கினார்கள். வியர்வை கழுத்தில் இறங்கியது. பத்து நிமிஷம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் கையைத் தானே பிடித்து எண்ணினார். நூற்று ஐம்பத்தொன்று. அதைப் பாரத்தில் இருபத்து மூன்று இடத்தில் எழுதினார். எங்கேயோ ஓர் இருதயம் அப்படி அடித்தது மெய்தானே என்று நினைத்துக்கொண்டார்.

அஞ்சலை ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தாள்.

“வாத்தியாரே, தனியாவா குதிக்கிறீங்க? நானும் வரவா?”

“நீ தூங்கு புள்ள.”

அவள் கண் மூடிக்கொண்டது. வெளியே சைக்கிள் இன்னும் நகரவில்லை. நாகையா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் நடுவில் போய் நின்றார்.

“ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலு!”